அப்பா கத்தாரில் இல்லாத ஃபைல்: ஒரு நேபாள மாணவியின் ஆஸ்திரேலிய விசா

மறுக்கப்பட்ட விசா மனுவின் நகலாக என் கைக்கு வந்த 94 பக்கங்களில் 61-ஆம் பக்கத்தைப் பார்த்ததும் மற்றதைப் படிக்காமலேயே விஷயம் புரிந்துவிட்டது. அது மாணவியின் அம்மாவின் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட். மாதம் ஒரு வரவு: 62,000, 65,000, 58,500 நேபாள ரூபாய். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ரெமிட்டன்ஸ்' (வெளிநாட்டிலிருந்து வரும் பணம்) என்ற சொல், அப்பாவின் பெயர், கத்தார் தலைநகர் தோஹா. அதே ஃபைலின் 7-ஆம் பக்கத்தில் அந்த அப்பா நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் நெல்லும் கடுகும் போடுகிற விவசாயி, வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், டிராக்டர் ஓட்டிச் சம்பாதிப்பவர். கத்தார் என்ற சொல் ஃபைலில் வேறெங்கும் இல்லை.

நான் மெல்போர்னில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட், அதாவது விசா ஆலோசகர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நேபாளப் பெண் ஒருவர் தன் சித்தி மகளுக்காக 2024 நவம்பரில் என்னிடம் வந்தார். தங்கைக்கு மாணவர் விசா மறுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து 2025 ஜூன் வரை நடந்ததுதான் இந்த எழுத்து. ஆள் தெரியக்கூடாது என்பதால் பெயர்கள் இல்லை, ஊர் மாவட்டத்தோடு நிற்கிறது, கல்லூரிகளையும், அவளுக்கு மனு போட்ட நேபாளக் கன்சல்டன்சியையும் சொல்லப்போவதில்லை. எழுத அந்தக் குடும்பம் சம்மதித்திருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். அந்தத் தங்கை என்னை எடுத்த எடுப்பிலேயே 'தாய்' என்று கூப்பிட்டாள். நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் சொல். தமிழனாகப் பிறந்தவனுக்கு அது பழக ஒரு வாரம் ஆகும். மாமா மட்டும் அங்கேயும் மாமாதான், அம்மாவின் கூடப்பிறந்தவர். இந்தக் கதையில் மாமாவின் நிலம் வருகிறது.

வீடு

பெண்ணுக்கு அப்போது 21 வயது. 2021-இல் அறிவியல் பிரிவில் +2 முடித்தவள். அப்பா 11 வருடமாகக் கத்தாரில் கனரக வாகன ஓட்டுநர். மாதம் 2,400 ரியால். அம்மா, பள்ளிக்குப் போகும் தம்பி, இரண்டு எருமை, கொஞ்சம் நிலம். அரிசி வீட்டுக்கு வரும், விற்க மிஞ்சாது. வீட்டை ஓட்டியது, ஓட்டுவது எல்லாம் தோஹாவிலிருந்து வரும் பணம்தான்.

+2 முடித்தபின் அவள் சும்மா இருக்கவில்லை. தாரானில் திரிபுவன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மையக் கல்லூரி இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பத்தில் பிடெக் சொல்லித்தரும் இடம். அதற்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். இடம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆறு மாதம் வீட்டோடு போனது. பிறகு 2022 நடுவிலிருந்து ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. காலை ஐந்து மணிக்குப் பால் எடுப்பது, லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி காட்டும் கருவி) போடுவது, கொழுப்பு அளவெடுப்பது, விவசாயி விவசாயியாகப் பதிவேட்டில் எழுதுவது. மாதம் 13,000 ரூபாய், கையில் பணமாக, கையெழுத்துப் போட்டு வாங்குவது.

இரண்டு வருட வேலை, இடம் கிடைக்காத ஒரு நுழைவுத் தேர்வு, பதினோரு வருட வளைகுடாச் சம்பளம். மாணவர் விசாவுக்கு இவளிடம் இருந்த உண்மையான மூலதனம் இவ்வளவும்தான். கன்சல்டன்சி இந்த மூன்றையும் ஃபைலிலிருந்து எடுத்துவிட்டது.

கன்சல்டன்சி

காத்மாண்டுவின் புதலி சதக், பாக்பஜார், டில்லிபஜார் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். மாடிக்கு மாடி போர்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் கொடி. சித்வனில் நாராயண்கட்டிலும் அதே காட்சி. வெளிநாட்டில் படிக்கப் போக நேபாளக் கல்வி அமைச்சிடம் 'என்ஓசி' வாங்க வேண்டும், அதாவது ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். அது இல்லாமல் வங்கி கல்லூரிக் கட்டணத்தை டாலராக அனுப்பாது. 2022-23 நிதியாண்டில் அப்படிக் கொடுக்கப்பட்ட கடிதங்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டின. மொத்தம் மூன்று கோடிப் பேர் உள்ள நாடு அது.

பெரும்பாலான கன்சல்டன்சிகள் மாணவரிடம் பெரிய தொகை வாங்குவதில்லை. 'சர்வீஸ் சார்ஜ் இல்லை' என்று போர்டிலேயே எழுதியிருக்கும். வருமானம் கல்லூரி தருகிற கமிஷன். மாணவர் போய்ச் சேர்ந்தால்தான் அது வரும் என்பதால், விசா கிடைக்க வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைக் கமிஷன் முடிவு செய்துவிடுகிறது. பின்னால் ஃபைல் அதற்கு ஏற்றபடி வளைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவுக்குள் உட்கார்ந்து என்னைப் போன்றவன் விசா ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். காத்மாண்டுவில் உட்கார்ந்திருப்பவரை அந்தப் பதிவுச் சட்டம் தொடாது.

இவளுக்குக் கிடைத்தது சிட்னியில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக மேலாண்மை இளநிலைப் பட்டம். "ஃபுட் டெக்னாலஜி இருக்கா சார்னு கேட்டேன் தாய். அதெல்லாம் ரிஸ்க்கு, பிசினஸ்னா உடனே வந்துடும்னாங்க" என்றாள்.

அப்பாவை ஏன் மறைத்தார்கள்? அவள் சொன்ன காரணங்கள் இரண்டு. கத்தார்ச் சம்பளத்துக்கு நேபாளத்தில் வரிக் காகிதம் கிடையாது. ஆனால் வார்டு அலுவலகத்தில் விவசாயம், வாடகை என்று வருமானச் சான்று எழுதி வாங்கினால் அதற்கு வரி கட்டி ரசீதும் வைத்துவிடலாம். அடுத்தது, அப்பா வெளிநாட்டில் என்றால் குடும்பமே கிளம்பத் தயாராக இருக்கிறது என்று அதிகாரி நினைப்பாராம். இந்த இரண்டாவது காரணத்தை நான் பல நேபாள மாணவர்களிடம் கேட்டுவிட்டேன். எங்கிருந்து கிளம்பிய வதந்தியோ தெரியாது. வளைகுடாவில் 11 வருடம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விடுமுறையில் ஊர் வந்து, மறுபடி போய், வீட்டுக்குப் பணம் அனுப்பிய மனிதர், விதியை மீறாமல் வெளிநாட்டில் வேலை பார்த்ததற்கு நடமாடும் சாட்சி. அவரைப் போய் மறைப்பார்களா?

இதற்கு அங்கே ஒரு பேச்சுவழக்கே உண்டு: 'சோர்ஸ் காட்டுவது'. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்வதல்ல அது, காட்டுவது.

முதல் மனு

2024 ஆகஸ்டில் மனு போனது. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூலை 1 அன்றுதான், ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆக்கியிருந்தது. நேபாள ரூபாயில் ஏறக்குறைய 1,40,000. அவளுடைய பதினோரு மாதச் சம்பளம். (நேபாள ரூபாய் நம் ரூபாயோடு 1.6-க்கு 1 என்று 1993 முதல் கட்டப்பட்டிருக்கிறது. இங்கே வரும் தொகைகளை 1.6-ஆல் வகுத்தால் இந்தியக் கணக்கு வந்துவிடும்.)

காட்ட வேண்டிய பணமும் ஏறியிருந்தது. ஒரு வருட வாழ்க்கைச் செலவு 2024 மே 10 முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர், சுமார் 26 லட்சம் ரூபாய். அதற்குமேல் முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்தில் கட்டாத பாக்கி, விமானச் செலவு. இதற்குப் பதில் பெற்றோரின் ஆண்டு வருமானத்தைக் காட்டியும் தப்பிக்கலாம். ஆனால் அந்த வருமானம் 87,856 டாலர் இருக்க வேண்டும், 76 லட்சம் ரூபாய். சித்வனில் அப்படி ஒரு விவசாயி இருந்தால் அவர் மகளை அனுப்ப விசாவைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஆகவே எல்லோரும் போவது வங்கிக் கடன் வழியில்தான். மாமாவின் சாலையோர நிலத்தை அடமானம் வைத்து 40 லட்சத்துக்குக் கல்விக் கடன் அனுமதிக் கடிதம். தேதி, மனு போடுவதற்கு 9 நாள் முன்னால்.

கடனில் தவறே இல்லை. ஆனால் கடனைத் திருப்பிக் கட்டப்போவது யார் என்ற கேள்வி உடனே வரும். அங்கேதான் வார்டு அலுவலகக் காகிதம்: பயிர் 4.2 லட்சம், வாடகை 6 லட்சம், டிராக்டர் 5.5 லட்சம், ஆக ஆண்டுக்கு 15.7 லட்சம். வீட்டில் வாடகைக்கு விட ஓர் அறை கிடையாது. டிராக்டர் மாமாவுடையது. ஸ்டேட்மென்டில் வாடகை வரவோ டிராக்டர் வரவோ ஒன்றுகூட இல்லை, மாதாமாதம் தோஹாதான் இருக்கிறது. காகிதம் செய்தவர்கள் அந்த ஸ்டேட்மென்டைத் திறந்து படித்திருந்தால் அதை வைத்திருக்க மாட்டார்கள். பட்டியலில் 'பேங்க் ஸ்டேட்மென்ட்' என்று இருந்தது, வைத்தார்கள்.

அடுத்தது கேள்வி-பதில். 2024 மார்ச் 23 வரை 'தற்காலிகமாக வருபவர்தானா' என்று பார்த்தார்கள். மாணவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதி இணைப்பார். அன்றிலிருந்து அது 'உண்மையான மாணவர்தானா' என்று மாறியது. மனுப் படிவத்திலேயே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. உன் இன்றைய நிலைமை என்ன, குடும்பம், வேலை, ஊரோடு உள்ள பிடிப்பு என்ன? இந்தப் படிப்பு ஏன், இந்த நாட்டில் ஏன், இந்தக் கல்லூரியில் ஏன்? முடித்தால் உனக்கு என்ன பயன்? இப்படி. அதிகாரி எதையெதை எடைபோட வேண்டும் என்பதை 106-ஆம் எண் அமைச்சர் ஆணை சொல்கிறது.

இவளுடைய பெயரில் போன பதிலில் ஆஸ்திரேலியாவின் பன்முகக் கலாசாரம், உலகத்தரக் கல்வி, பாதுகாப்பான சூழல். நேபாளக் கல்வி பழையதாகிவிட்டது என்று ஒரு வரி. பிறகு, அமைதியான அடிலெய்டு நகரம் படிப்புக்கு எவ்வளவு உகந்தது என்று இரண்டு வரி. கல்லூரி இருப்பது சிட்னியில். வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மாற்றியவர்கள் ஊரை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

தாரான் நுழைவுத் தேர்வு? 'நம் நாட்டிலேயே அந்தப் படிப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள்' என்று எடுத்துவிட்டார்கள். பால் சங்க வேலை? 'கையில் சம்பளம், வங்கிச் சான்று இல்லை, படிப்புக்கும் பொருந்தாது.' இரண்டையும் எடுத்தபின் +2-க்கும் மனுவுக்கும் நடுவே மூன்று வருடம் வெற்றிடமாக நின்றது. அதை அடைக்க ஒரு சான்றிதழ் வந்தது: ஆறு மாத அலுவலக மேலாண்மைப் பயிற்சி. அந்தப் பயிற்சி நிலையத்தின் வாசலை அவள் பார்த்ததே இல்லை.

மறுப்பு

அக்டோபரில் மறுப்பு வந்தது. விதி 500.212: இவர் படிக்கத்தான் வருகிறார் என்று திருப்தி ஏற்படவில்லை. காரணங்களாகச் சொல்லப்பட்டவை மூன்று. சொல்லப்பட்ட குடும்ப வருமானம் வங்கிக் கணக்கில் தெரியவில்லை. படிப்பு எந்த வகையில் பயன்படும் என்பது பொதுப்படையாக இருக்கிறது. இடைவெளி ஆண்டுகளுக்கான விளக்கம் போதவில்லை. பயிற்சிச் சான்றிதழைப் போலி என்று கடிதம் சொல்லவில்லை.

அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று குடும்பத்துக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. போலி ஆவணம் அல்லது பொய்த் தகவல் என்று பொதுநல நிபந்தனை 4020-இன் கீழ் மறுத்திருந்தால், 3 வருடத்துக்குப் பெரும்பாலான ஆஸ்திரேலிய விசாக்களின் கதவு மூடியிருக்கும். அடையாளத்திலேயே பொய் என்றால் 10 வருடம். இவளுக்கு வந்தது 500.212 மட்டும்.

மேல்முறையீடு? அந்த மாதம்தான், அக்டோபர் 14 அன்று, பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய்ப் புதியது வந்திருந்தது. மெல்போர்ன் அக்கா அதைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு வந்திருந்தார். ஆனால் நாட்டுக்கு வெளியிலிருந்து மனு போட்ட மாணவர்களுக்குப் பொதுவாக அந்த உரிமை கிடையாது, பழையதிலும் சரி, புதியதிலும் சரி. மீண்டும் மனு போடலாம், அல்லது விட்டுவிடலாம். விசாக் கட்டணம் திரும்பாது. கல்லூரிக்குக் கட்டிய 9,500 டாலர் திரும்பும். விசா மறுக்கப்பட்டால் 5 விழுக்காடு அல்லது 500 டாலர், எது குறைவோ அதை மட்டும் கல்லூரி பிடித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். 475 போக 9,025 வந்தது. கன்சல்டன்சி முதலில் 'ரீஃபண்டு கஷ்டம், வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாம்' என்று சொல்லிப் பார்த்தது. எழுத்தில் கேட்டதும் 4 வாரத்தில் பணம் வந்துவிட்டது.

ஃபைலை வாங்குவது

நான் வைத்த முதல் நிபந்தனை, அனுப்பியது அத்தனையும் என் கண்ணில் பட வேண்டும் என்பது. அவளிடம் ஒன்றுமே இல்லை. இணையக் கணக்கு கன்சல்டன்சியின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டது, பாஸ்வேர்டு அவர்களிடம். தன் பெயரில் என்ன பதில் போனது என்று மறுப்பு வந்த பிறகும் அவளுக்குத் தெரியாது. இது விதிவிலக்கு இல்லை, வழக்கம். போனில் கேட்டால் நாளை என்றார்கள். கடைசியில் மாமா நாராயண்கட்டுக்குப் போய் அவர்கள் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் நாலு மணிக்கு பென்டிரைவோடு எழுந்தார். கிடைக்காமல் போயிருந்தால் விசாவை முடிவு செய்யும் ஆஸ்திரேலிய உள்துறையிடமே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியிருக்கலாம், மாதங்கள் ஆகியிருக்கும்.

பென்டிரைவில் இருந்ததுதான் அந்த 94 பக்கம்.

லாக்டோமீட்டர்

இரண்டாவது மனுவுக்கு நான் அவளோடு பேசியது ஆறேழு தடவை இருக்கும், பாதி ஆங்கிலம், பாதி என் ஓட்டை இந்தி. முதல் இரண்டு தடவையும் கன்சல்டன்சியில் பழக்கிய பதில்களையே ஒப்பித்தாள். மூன்றாவது தடவை விசாவை விட்டுவிட்டுப் பால் சங்கத்தில் காலையில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தண்ணி கலந்தா லாக்டோமீட்டர் இறங்கிடும் தாய். அது எல்லாருக்கும் தெரியும். அதனால சர்க்கரை போடுவாங்க, மறுபடி ஏறிடும். அப்ப மீட்டர் சரியாத்தான் காட்டும், பால் சரியில்லை."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பே?"

"கொழுப்பு பார்த்தா தெரியும். தண்ணி கலந்த பால்ல கொழுப்பு குறையும், மீட்டர் மட்டும் குறையாது. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நான் எடுக்க மாட்டேன். ஒருதடவை பக்கத்து வீட்டு ஐயாவோட பாலையே திருப்பி அனுப்பிட்டேன். அம்மாவோட ஒரு மாசம் பேசலை அவர்."

மழைக்காலத்தில் குளிரூட்டும் தொட்டிக்கு வரும் முன்பே திரிந்துபோகும் பால், அதை மறைக்கச் சோடா போடுகிறவர்கள், அதைக் கண்டுபிடிக்கத் தங்கள் நிலையத்தில் சோதனை வசதி இல்லாதது, மாதிரியை நகரத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் பால் விற்றுப்போவது என்று நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். தாரானில் ஏன் நுழைவுத் தேர்வு எழுதினாள், இப்போது ஏன் உணவு அறிவியல் என்கிறாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான் குறிப்பெடுத்ததை அவளிடமே அனுப்பி, 150 சொல்லுக்குள் நீயே எழுது என்றேன். இலக்கணத்தை மட்டும் தொட்டேன். ஒரு கட்டுரைகூட இல்லை. ஒவ்வொரு பதிலிலும் தேதி, இடம், வேலை. 'உலகத்தரம்' என்ற சொல்லுக்கு இடமே இருக்கவில்லை.

சிட்னி வணிக மேலாண்மை போனது. விக்டோரியாவில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல், ஆண்டுக்கு 28,000 டாலர். பழையதைவிட 9,000 அதிகம். மாமா கேட்டார்: முதல் தடவை குறைவான கட்டணத்துக்கே தரவில்லை, கூடுதல் என்றால் தருவார்களா? நியாயமான கேள்வி. விசா கட்டண அளவைப் பார்த்து வருவதில்லை, ஆனால் கூடுதல் பணத்தைக் காட்டியாக வேண்டும். ஆங்கிலம் ஏற்கெனவே ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 6.5, விசாவுக்கு 6.0 போதும்.

பால் சங்க வேலைக்கு வங்கிச் சான்று இல்லை என்பதை மறைக்கவில்லை. சங்கத் தலைவரின் கடிதம், சம்பளப் பதிவேட்டில் அவள் கையெழுத்திட்ட பக்கங்களின் நகல், அவள் கையால் எழுதிய கொள்முதல் பதிவேட்டின் சில பக்கங்கள். விவசாயிகளின் பெயரை மறைத்துவிட்டு வைத்தோம். கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் என்று இரண்டு கட்டம், பக்கத்தில் விலை. இரண்டு வருடமாக அதே கையெழுத்து. இதைவிட நல்ல வேலைச் சான்றை நான் பார்த்ததில்லை.

தோஹாவைத் திருப்பி வைத்தது

பணத்தை இந்த முறை இப்படி அடுக்கினோம். முதல் பருவக் கட்டணம் 14,000 டாலர் கட்டியாயிற்று. திரும்ப வந்த 9,025-க்குமேல் மீதியை அப்பா அனுப்பினார். ஆண்டுக் கட்டணத்தில் பாக்கி 14,000, வாழ்க்கைச் செலவு 29,710, ஆக 43,710. சுமார் 38 லட்சம் ரூபாய், விமானச் செலவோடு 40. எதிரே அதே மாமா நிலத்தின் மேல் புதிய கல்விக் கடன் 35 லட்சம், அம்மா பெயரில் வைப்புத்தொகை 9 லட்சம். அந்த 9 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு மூன்று வருட ஸ்டேட்மென்ட். ஒரு சேமிப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் இன்னொரு 6 லட்சம் இருந்தது. அந்தச் சங்கம் பணம் திருப்பித் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. நேபாளத்தில் சில வருடமாகப் பல கூட்டுறவுகளில் இதுதான் நிலை. அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிறகு அப்பா. வேலை ஒப்பந்தம், கத்தார் அடையாள அட்டை, நேபாள அரசின் தொழிலாளர் அனுமதிகள், பாஸ்போர்ட்டில் விடுமுறை வருகை முத்திரைகள், சம்பளம் விழும் கணக்கு. அம்மாவின் ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரவும் அப்பாவின் கணக்கில் அதே வாரம் ஒரு பற்றாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டோம். கடன் தவணையைக் கட்டப்போவது இந்தச் சம்பளம் என்று எழுதினோம். விவசாய வருமானம் என்ற இடத்தில், வீட்டுத் தேவைக்கு மட்டும், விற்பனை இல்லை.

அப்பாவிடம் வீடியோவில் பேசியபோது அவருக்குக் காகிதத்தைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. "முதல் தடவை நான் விவசாயின்னு எழுதினாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சில்லறைத் தவறும் இருந்தது. பிறந்த தேதி நேபாள நாட்காட்டியான விக்ரம் ஆண்டில் 2060 வைசாக் 12. பெயர் வைசாகம் என்றாலும் அது நம் சித்திரை பிறக்கும் நாளில்தான் பிறக்கிறது; 2060 வைசாக் 1 என்பது 2003 ஏப்ரல் 14. எனவே 12 என்றால் ஏப்ரல் 25. பாஸ்போர்ட்டில் அப்படித்தான். நோட்டரி மொழிபெயர்த்த பிறப்புச் சான்றில் ஏப்ரல் 24. முதல் மனுவில் இதை யாரும் கவனிக்கவில்லை, அதிகாரி உட்பட. திருத்தி வாங்கினோம்.

சொல்வதா, விடுவதா

வழக்கிலேயே கடினமான இடம் அந்தப் பயிற்சிச் சான்றிதழ். புதிய மனுவில் அதை வைக்கப்போவதில்லை. ஆனால் பழையது துறையின் கணினியில் இருக்கிறது. புதிய கதையில் 2022 முதல் 2024 வரை பால் சங்கம். பழையதில் அதே காலத்தில் ஆறு மாதம் காத்மாண்டுவில் பயிற்சி. இரண்டையும் ஒரே அதிகாரி திறந்து பார்த்தால்?

அம்மாவும் மாமாவும் ஒரே குரலில், அவர்களே கேட்காதபோது நாம் ஏன் சொல்ல வேண்டும் என்றார்கள். அக்கா அழுதார். எனக்கும் முழு நிம்மதி இல்லை. சொன்னால் அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு நம்பகத்தன்மை இல்லை என்று எழுதலாம். அப்படி எழுதிய தீர்ப்புகளை நான் படித்திருக்கிறேன். சொல்லாமல் விட்டு முரண்பாட்டை அவர்களாகக் கண்டுபிடித்தால், இந்த மனுவில் உள்ள உண்மையான பால் சங்கக் கடிதமும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போகும். முடிவு அவளுடையது என்று விட்டேன். அவள் இரண்டு நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: மீட்டரும் கொழுப்பும் ஒத்துப்போகாவிட்டால் நான் எடுக்க மாட்டேன் தாய், அவர்களும் எடுக்க மாட்டார்கள்.

உறுதிமொழிக் கடிதம் ஒன்றரைப் பக்கம். முந்தைய மனுவில் வைத்த பயிற்சிச் சான்றிதழ் நான் படித்துப் பெற்றதல்ல, குடும்ப வருமான விவரமும் சரியல்ல, பதில்களை நான் எழுதவில்லை, அனுப்பும் முன் நான் படிக்கவும் இல்லை, படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. கன்சல்டன்சியின் மேல் பழியைக் கொட்டும் இரண்டு பத்திகளை நானே அடித்துவிட்டேன். கையெழுத்து அவளுடையது.

2025 ஏப்ரலில் மனு போனது. மறுபடி 1,600 டாலர். (ஜூலை 1-க்குப் பின் போட்டிருந்தால் 2,000.) மருத்துவப் பரிசோதனை பழையதே செல்லுபடி, கைரேகைக்கு மட்டும் காத்மாண்டுவுக்கு ஒரு பயணம்.

மே மாதக் கடைசியில் பால் சங்கத்துக்கு ஒரு போன். ஆங்கிலத்தில் யாரோ பேச, தலைவர் பதறிப்போய் ரிசீவரைக் கணக்கரிடம் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டவருக்கு நேபாளியில் பதில் சொல்ல, அந்தப் பக்கமும் நேபாளிக்கு மாறியதாம். இந்தப் பெண் எத்தனை மணிக்கு வேலைக்கு வருவாள் என்று கேட்டார்களாம். கணக்கர் சொன்னது: "அஞ்சு மணிக்கு. எங்க தலைவர் எட்டுக்கு."

ஜூன் இரண்டாவது வாரம் விசா வந்தது. நேபாளத்தில் 'வீசா லாக்யோ' என்பார்கள்; அவள் அனுப்பிய செய்தியில் அந்த இரண்டு சொல் மட்டும் பதினோரு தடவை இருந்தது. நிபந்தனைகள் வழக்கமானவை: 8105, பருவம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலை, 8202, படிப்பைத் தொடர வேண்டும், 8501, மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். கல்லூரியும் படிப்பும் மாறியதால் கட்டணம் கட்டும் முன்பே புதிதாக 2,000 ரூபாய் கட்டி இரண்டாவது என்ஓசி வாங்கியிருந்தோம். காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்டது அதைத்தான்.

இனி எந்த நாட்டு விசாப் படிவத்திலும் 'உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு அவள் 'ஆம்' என்று எழுதி, 2024 அக்டோபர் என்று போட வேண்டும். கன்சல்டன்சி அதே மாடியில் அதே போர்டோடு இருக்கிறது.

அப்பா 2025 தசைன் பண்டிகைக்கு ஒரேயடியாக ஊர் திரும்புவதாக இருந்தார். 35 லட்சத்துக்கு வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்.